மேகத்தைப் பிடிக்கும் காடு



கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையினுடையது. அம்பத்தலையில் அதை இறைத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். அந்தக் கங்கையின் தலையூற்றுகள் சிவனொளிபாதமலைக் காடுகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருக்கின்றன. அங்கே ஏறுவதற்கு முன், காடு மேகத்திலிருந்து நீரைப் பிடிப்பதைப் பார்க்கக் கலிபோர்னியாவுக்கு ஒருமுறை போய்வருவோம்.

அங்கே பசிபிக் கரையோரம் ரெட்வூட் மரங்கள் நிற்கின்றன. உலகிலேயே உயரமான மரங்கள். ஒன்று 115 மீற்றரையும் தாண்டியது. கோடையில் அங்கே மழை அரிது. கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி இலைகளில் படிந்து சொட்டுகிறது. காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருகிறது என்று டொட் டோசன் என்ற ஆய்வாளர் 1998இல் எழுதினார். மரத்தடிப் பன்னங்களும் அந்த நீரில்தான் கோடையைக் கடக்கின்றன. மரத்தை வெட்டிய இடத்தில் பனி வந்தாலும் இறங்கும் நீர் வெகுவாகக் குறைகிறது.

நம் மலைக்காடும் இதையே செய்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடித்து அடித்து மரங்கள் குட்டையாகிவிட்டன. கீன மரத்தின் தலை குடை விரித்தாற்போல் இருக்கும். கிளையெல்லாம் பாசி, பன்னம், ஓர்க்கிட். மேகம் காட்டுக்குள் புகும்போது இவை எல்லாம் நனைந்து, நீர் மெல்ல மண்ணுக்கு இறங்குகிறது. கீழே நெலுச் செடிகள், குறிஞ்சியின் உறவுகள். பல ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, விதைத்து, மடியும். அந்த விதைக்காகக் காட்டுக்கோழிகள் கூடிவிடும். எனக்கு இந்தக் காட்டில் மிகவும் பிடித்த அதிசயம் இதுதான்.

ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே அரசுக்குச் சொன்னார். கோப்பி மலையை விழுங்கிய காலத்தில் அது பெரிய சொல். இருந்தும் 1960களில் சமவெளிப் புல்வெளியை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். 1988இல் சமவெளி தேசியப் பூங்காவானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது அங்கே மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. பட்ட இடத்தில் வெயில் விழுந்து மண் காய்கிறது. முளைக்கும் கன்றை மரைகள் மேய்கின்றன. கன்று நடுவதற்கும் வேலி போடுவதற்கும் ஆகும் பணத்தை அரசு நீர்வழங்கல் செலவோடு சேர்த்து ஒதுக்க வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது.