சாகும் கைதிக்குக் கருணை காட்டலாமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் கேட்பதற்கு இனிமையானதன்று. கொடிய குற்றஞ் செய்து தண்டனை பெற்ற ஒருவன் தீராத நோயினால் மரணப் படுக்கையில் கிடக்கிறான். அவனை வீட்டுக்கு அனுப்பிச் சாக விடலாமா என்பதே கேள்வி. சிறு களவு செய்தவனைப் பற்றி இக்கேள்வி எழுமானால், "தாராளமாக அனுப்பலாம்" என்று நாம் எல்லோரும் ஒரே குரலிற் சொல்லிவிடுவோம். பல உயிர்கள் போவதற்குக் காரணமானவன் என்று தீர்ப்புப் பெற்றவனைப் பற்றி எழும்போதுதான் நம் நாக்குத் தடுமாறுகிறது. ஆகவே அந்தக் கடினமான இடத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

1991 மே 21 ஆம் திகதி இரவு, தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் இந்தியாவின் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். காவற் கடமையில் நின்ற பொலிசாரும், கூட்டத்துக்கு வந்த சாதாரண மக்களும் அவரோடு மாண்டனர். அவ்வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சாந்தன். 1999 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. கருணை மனுவுக்கு விடை சொல்ல நீண்ட காலம் தாமதித்ததைக் காரணங் காட்டி, 2014 பெப்ரவரியில் அதே நீதிமன்றம் அதனை ஆயுட் தண்டனையாகக் குறைத்தது. 2022 நவம்பர் 11 ஆம் திகதி அவரை விடுதலையுஞ் செய்தது.

விடுதலையானவர் வீடு வந்து சேரவில்லை. அந்நிய நாட்டவர் என்பதால் திருச்சிராப்பள்ளியிலுள்ள சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். ஓராண்டுக்கு மேல் அவ்வாறே கழிந்தது. அதற்குள் ஈரல் கெட்டு நோய் முற்றியது. 2024 பெப்ரவரியில் நாடு திரும்புவதற்கான அனுமதி கிடைத்தது. பயணஞ் செய்யும் நிலையில் உடல் இருக்கவில்லை. அம்மாதம் 28 ஆம் திகதி சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் உயிர் நீத்தார். அவ்வைத்தியசாலை தாங்கி நிற்கும் பெயரும் இராஜீவ் காந்தியின் பெயரே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகனைக் காணாதிருந்த தாயிடம் வந்து சேர்ந்தது பூதவுடல் மாத்திரமே.

இதைக் கேட்கும்போது நம் மனம் இளகுகிறது. இளகாவிட்டால் நாம் மனிதரல்லர். நமது தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதுமில்லை. பெரியாஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், உயிர் இருக்கும்போதே லயத்துக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று எவ்வளவு பாடுபடுகிறோம்! பல வருடம் முகம் பாராமல் இருந்த பங்காளியும் அன்று வாசலில் வந்து நிற்கிறான். பகையைச் சாவு வீட்டின் படிக்கு வெளியே விட்டு வருவது நம் மக்களின் வழக்கம்.

ஆனால், சகோதரர்களே, நம்மவர் என்று எண்ணும் ஒருவருக்காக இளகும் மனத்தைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். அது பாசம். கருணைக்கு வேறொரு பரீட்சை உண்டு.

2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில், தம் வீடு வளவைப் பார்க்கச் சென்ற எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஐந்து வயதுப் பாலகனும் ஒருவன். அவ்வழக்கில் சுனில் ரத்நாயக்க என்ற இராணுவ வீரருக்கு 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் நம் நாட்டு உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார். அவர் சாகக் கிடந்தார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது கருணையன்று, தீர்ப்பையே புதைத்த செயல். அதைக் கண்டித்தவர்கள் நியாயமாகவே கண்டித்தார்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்த மனிதர் விடுவிக்கப்படாமல், இன்றும் சிறையிலிருந்து, புற்றுநோயினால் எலும்புந் தோலுமாய்க் கிடந்தாரானால், "கடைசி நாட்களில் தாயிடம் அனுப்புங்கள்" என்று நாம் சொல்வோமா? சொல்லத் துணியாவிட்டால், சாந்தனுக்காகப் பேசும் நம் பேச்சு பாதிப் பேச்சே ஆகும்.

இவ்விடத்தில் ஸ்கொட்லாந்து தேசத்தின் ஒரு முடிவைப் பார்ப்போம். 1988 டிசம்பர் 21 இல் லொக்கர்பி என்ற ஊருக்கு மேலே ஒரு விமானம் குண்டு வெடித்துச் சிதறி 270 பேர் மாண்டனர். அதற்காக ஆயுட் தண்டனை பெற்றவர் லிபியாவைச் சேர்ந்த மெக்ராஹி. அவருக்குப் புற்றுநோய் முற்றி, மூன்று மாதமளவே வாழ்வார் என்று கருதப்பட்டபோது, 2009 ஆகஸ்டில் ஸ்கொட்லாந்தின் நீதி அமைச்சர் கென்னி மக்அஸ்கில் அவரை விடுவித்தார். இறந்தவர்களுக்கு இம்மனிதர் இரக்கங் காட்டவில்லை. அதற்காக நாமும் இரக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை என்பது அமைச்சரின் வாதம். ஆனால் திரிப்பொலியில் இறங்கிய மெக்ராஹியைக் கொடி பிடித்த கூட்டம் வரவேற்றது. மூன்று மாதம் என்று எண்ணப்பட்டவர் 2012 மே மாதம் வரை வாழ்ந்தார். மாண்டவர்களின் உறவினர் பலர், சிறப்பாக அமெரிக்கர், மனங் கொதித்தனர்.

அவர்கள் கொதிப்பை நாம் அலட்சியஞ் செய்யலாகாது. "என் பிள்ளைக்கு விடை சொல்ல ஒரு நிமிடமும் கிடைக்கவில்லையே, அவனுக்கு மட்டும் ஏன்?" என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவளை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை; எந்த அரசாங்கத்துக்கும் இல்லை. மன்னிப்பது அவளுக்கே உரியது. ஆனால் அரசாங்கம் செய்யக்கூடியது வேறு. தண்டனைக்கு ஓர் எல்லை வைப்பது அது. நீதிமன்றம் ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறித்தது. எழுந்து நடக்கவும் மாட்டாதவனிடம் பறிப்பதற்கு இனிச் சுதந்திரம் என்ன இருக்கிறது?

நம் பெரியபுராணம் இரண்டு அரசர்களை நமக்குக் காட்டுகிறது. திருவாரூரில் ஒரு கன்றின் உயிருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். திருக்கோவலூரில், அடியார் வேடத்தில் வந்து தன்னைக் குத்திய முத்தநாதனை ஒருவரும் தீண்டாமல் ஊர் எல்லை கடத்திவிடச் செய்து, அச்செய்தி கேட்ட பின்பே உயிர் நீத்தார் மெய்ப்பொருள் நாயனார். தன் மகன் என்று முன்னவன் சலுகை காட்டவில்லை. தன் பகைவன் என்று பின்னவர் வன்மம் பாராட்டவில்லை. இருவரையும் ஒரே நூலில் வைத்தார் சேக்கிழார். வள்ளுவரும் அரசியலில் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கண்ணோட்டத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கடமை கெடாமல் இரக்கங் காட்ட வல்லவருக்கே இவ்வுலகம் உரியது என்பது அவர் கருத்து. சிறையிலிருப்பவனைச் சென்று பார்ப்பதை இயேசுபிரானும் தமக்கே செய்த தொண்டாகக் கொண்டார்.

கடமை கெடாமல் என்ற நிபந்தனையை நாம் மறக்கலாகாது. பெரிய மனிதர் கைதானவுடன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மாறும் செய்தியைப் பத்திரிகைகளில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு நோய் ஒரு சாவியாகிவிடக் கூடாது. ஜனாதிபதியின் மன்னிப்பும் நீதிக்கு அப்பாற்பட்டதன்று என்பதை நம் உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் துமிந்த சில்வாவுக்கு அளிக்கப்பட்ட மன்னிப்பை இரத்துச் செய்து காட்டியது.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. ஒரு வைத்தியரின் கடிதம் போதாது. பல வைத்தியர் கூடி நோயைத் தீர்மானிக்கட்டும். பாதிக்கப்பட்ட குடும்பம் பத்திரிகையைப் பார்த்து அறியாமல், முன்கூட்டியே அறிந்து தன் கருத்தைச் சொல்லட்டும். தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கட்டும். விடப்பட்டவன் வீட்டிலே கண்காணிப்பில் இருக்கட்டும். நோய் தேறினால் திரும்பி வரட்டும். மாலையும் மேளமும் வேண்டாம். முடிவைக் காலத்தோடு சொல்லட்டும். பிணத்துக்குப் பின் வரும் அனுமதியினால் யாருக்கு என்ன பயன்? தமிழன், சிங்களவன், முஸ்லிம், தோட்டத்தான், பட்டணத்தான் என்ற பேதமின்றி இவ்விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.

வாலிபர்களாகிய நாம் நீதி கேட்டுக் குரல் எழுப்பப் பழகியிருக்கிறோம். அது நன்று. நம்மைப் புண்படுத்தியவன் சாகும் வேளையிலும் அவனுக்குரிய கருணையைக் கேட்கப் பழகுவோமாக. அப்போதுதான் நாம் கேட்கும் நீதியும், வெறும் பழிவாங்கல் அன்று என்பதை உலகம் நம்பும்.