பயனின்றிச் சுழலும் விசிறி



இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். அதாவது, பயனற்ற தீங்கினைத் தவிர்த்தல். காரணமின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல் ஆகியவற்றை அவ்விரதத்திற்கு மாறான குற்றங்களாக ஆச்சாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வைத்துரைத்தார்.

ஆளில்லா வகுப்பறையில் சுழலும் மின்விசிறி இன்று அக்குற்றத்தையே செய்கிறது. 75 வாட் விசிறிகள் 40, நண்பகல் இடைவேளையில் ஒரு மணி நேரம் வீணே சுழன்றால் 3 யூனிட் செலவாகும். 200 பள்ளி நாட்களில் அது 600 யூனிட். அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. ஆகவே, எவர்க்கும் பயன்படாது எரிந்தது 400 கிலோவுக்கு மேல்.

இதனை மாணவர் தாமே அளந்தறிவதே ஆற்றல் கல்வி. டிசம்பர் 14, தேசிய ஆற்றல் சேமிப்பு நாளில் ஓவியம் வரைவதோடு அது முடிந்துவிடலாகாது. காலையும் மாலையும் மின்மீட்டரைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுதல், வகுப்புக்கு ஒருவர் முறைவைத்து விசிறியையும் விளக்கையும் நிறுத்துதல், கட்டணச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஆகிய மூன்றும் மாணவர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

அப்பிள்ளை வீடு திரும்பி வெற்றறையின் விளக்கை அணைக்கையில், “கட்டணம் கட்டுபவர் நாங்கள்தாமே” என்று பெரியோர் சொல்லிவிட்டால், கற்றது அன்றே அழியும். கட்டணம் செலுத்தியதனால் தீங்கு தீர்ந்துவிடுவதில்லை. விரதம் பணத்தைக் காக்க எழுந்ததன்று. ஓரறிவுயிர்களையும் காக்க எழுந்தது. கதிர் மறையுமுன் உண்டு பழகிய குடியினர், பிள்ளை அணைத்த விளக்கை மீண்டும் ஏற்றாதிருப்பாராக.