சுங்க அட்டவணையும் பேக்டரி பஸ்ஸும்



பட்டமளிப்பு உரை என்றால் கனவு காணுங்கள், முயற்சியைக் கைவிடாதீர்கள் என்று சொல்லி முடிப்பது வழக்கம். நான் பேக்டரி ஆள். எனக்கு அப்படிப் பேச வராது. இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில வாரங்களில் ஜெலாப்பாங்கிலோ செமோரிலோ சிம்பாங் பூலாயிலோ ஏதாவது ஒரு குறைக்கடத்திச் சில்லுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேருவீர்கள். அந்த வேலை நிலைக்குமா, வளருமா என்பது உங்கள் உழைப்பை மட்டும் பொறுத்ததல்ல. அதைத் தீர்மானிப்பவர்களில் பலர் ஈப்போவைப் பார்த்ததேயில்லை. அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1985-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, டாலரின் மதிப்பை இறக்குவது என்று முடிவு செய்தார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 24-ஆம் தேதி, அனைத்துலக ஈய மன்றம் லண்டனில் கையை விரித்தது. விலை விழாமல் தாங்கிப் பிடிப்பதற்காகக் கடன் வாங்கி ஈயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த அமைப்பு அது. பணம் தீர்ந்துபோனது. லண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈய வியாபாரம் நின்றது. சந்தை மறுபடி திறந்தபோது விலை ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் கோப்பேங், கம்பார், பத்து காஜா என்று சுரங்கங்கள் வரிசையாக மூடின. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இன்று நாம் ரசிக்கும் ஏரிகள், ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய குட்டைகள்.

இதில் நம் அரசாங்கத்துக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது. 1981, 82-இல் மாமின்கோ என்ற பெயரில் ஒரு நிறுவனத்தை வைத்து, லண்டன் சந்தையில் மறைமுகமாக ஈயம் வாங்கி விலையேற்றப் பார்த்தார்கள். லண்டன்காரர்கள் விதியையே மாற்றிவிட்டார்கள். பெரிய நட்டம். அப்படி நடந்தது உண்மைதான் என்று 1986-இல் பிரதமர் மகாதீர் ஒப்புக்கொண்டார். சுரங்கத்தில் வேலை பார்த்த தொழிலாளிக்கு இதெல்லாம் தெரிய வந்தபோது, சுரங்க வாசலில் பூட்டு தொங்கியது.

அதே 1985-இல் உலகச் சில்லுச் சந்தையும் படுத்தது. ரப்பர் தோட்டத்தை விட்டு எலக்ட்ரானிக் பேக்டரிக்குப் போன பெண்களில் பலர் ஆட்குறைப்பில் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒரே ஆண்டில் நம் பேராக் மாநிலத்துக்கு இரண்டு அடி. ஆனால் பிளாசா ஹோட்டலில் போட்ட கையெழுத்து இன்னொரு வழியாக இங்கே வந்து சேர்ந்தது. யென்னின் மதிப்பு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்கானது. ஜப்பானில் பொருள் செய்து கட்டுப்படியாகாது என்ற நிலை வந்ததும் அந்நாட்டு நிறுவனங்கள் தென்கிழக்காசியாவுக்குக் கிளம்பின. 1986-இல் நம் நாடாளுமன்றம் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் கொண்டுவந்து கதவைத் திறந்தது. 1989-இல் ஈப்போவிலேயே மலேசியர்கள் யுனிசெம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஈயம் போன ஊரில் சில்லு வேரூன்றியது இப்படித்தான். யாரும் திட்டம் போட்டு நடத்தியது அல்ல அது. ஆனால் வந்த காற்றைப் பிடிக்க ஒரு சட்டம் தயாராக இருந்தது. அதற்காக அன்றைய அதிகாரிகளைப் பாராட்டத்தான் வேண்டும்.

சில்லு முதன்முதலில் மலேசியாவுக்கு வந்ததற்கும் இதே போல ஒரு கதை உண்டு. அமெரிக்கச் சுங்க அட்டவணையில் 806.30, 807.00 என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. அமெரிக்கப் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே பொருத்தித் திரும்பக் கொண்டுவந்தால், வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்றன அவை. கூலி குறைந்த நாட்டில் வேலையை முடித்துக்கொள் என்று அமெரிக்க அரசே சொன்னது போல ஆயிற்று. நம் பக்கம் 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. கூடவே வரிவிலக்கு. 1972-இல் பினாங்கில் இன்டெல் வந்தது. அதே ஆண்டில் ஈப்போவில் கார்செம் தொடங்கியது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, தொழிலாளர்கள் நிற்கும் நேரத்தில், தோட்ட வாசலில் பேக்டரி பஸ் வந்து நின்றது. அந்த பஸ்ஸை அனுப்பியது வாஷிங்டனில் இருந்த ஒரு சுங்க அட்டவணை என்று எங்கள் தோட்ட லயத்தில் யாருக்குத் தெரியும்?

தெரியாததற்கு விலையும் இருந்தது. தோட்டத்தில் அரைகுறையாகவேனும் ஒரு சங்கம் இருந்தது. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அது. எலக்ட்ரானிக் பேக்டரியில் அதுவும் இல்லை. முதலீட்டாளர்கள் பயந்து ஓடிவிடக் கூடாதென்று, எலக்ட்ரானிக் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் சங்கம் அமைக்க அனுமதி மறுத்தது அரசு. 1988-இல் நிறுவனத்துக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வட்டாரச் சங்கங்களுக்கு அனுமதி வந்தது 2009-இல்தான். தொழில்துறைக் கொள்கை என்றால் வரிச்சலுகையும் மானியமும் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.

சந்தை மாறினால் பேக்டரித் தளத்தில் என்ன நடக்கும் என்பதை நான் வேலை பார்த்த பிரிவிலிருந்தே சொல்கிறேன். வயர் பாண்டிங். சில்லையும் வெளிக் கால்களையும் இணைக்கும் கம்பி வேலை. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குத் தடிமன்தான் இருக்கும். வருடக்கணக்காக அது தங்கக் கம்பி. தங்கம் மென்மையானது, துருப்பிடிக்காது, சொன்னபடி கேட்கும். 2008-இல் ஒரு அவுன்ஸ் தங்கம் 1,000 டாலரைத் தொட்டது. 2011 செப்டம்பரில் 1,900 டாலர். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் தாமிரத்துக்கு மாறுங்கள் என்றார்கள்.

சொல்வது சுலபம். கம்பி நுனியில் தீப்பொறி பட்டு உருண்டையாகும் அந்தக் கணத்திலேயே தாமிரம் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். அதைத் தடுக்க, நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து அந்த நுனியில் ஊத வேண்டும். தாமிரம் தங்கத்தைவிடக் கடினம். கொஞ்சம் அழுத்தினால் அடியில் இருக்கும் அலுமினியத் திட்டு நசுங்கும், அதற்கும் அடியில் சிலிக்கான் விரியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து யாரோ ஒருவருடைய காரில் அந்தச் சில்லு செத்துப்போகும். அந்த நாட்களில் எங்கள் லைனில் எல்லோரைவிடவும் வேகமாகப் பழகிக்கொண்டவர், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் ஆப்பரேட்டர் அக்கா. மைக்ரோஸ்கோப்பில் உருண்டையின் நிறத்தைப் பார்த்தே வாயு குழாயில் கசிவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இயந்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். தங்கத்துக்கு இன்ன பட்டன் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள், என்னைவிட அதிகம் படித்தவர்கள் உட்பட, தடுமாறிப் போனார்கள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1877-இல் கோலகங்சாரில் ரெசிடென்ட் ஹ்யூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. உங்கள் பாட்டன்மார் பால்வெட்டும் உளியும் மங்குமாக வாழ்ந்த காலத்தில், ரப்பர்தான் உலகத்தின் சில்லு. கார் ஓட வேண்டுமானால் மலாயாவின் ரப்பர் பால் வேண்டும். விலை விழுந்ததும், 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இவ்வளவுதான் ஏற்றுமதி என்று கட்டுப்பாடு. 1925-இல் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. அமெரிக்க வணிகத் துறைச் செயலாளர் ஹெர்பர்ட் ஹூவர் கொதித்துப்போனார். ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் தோட்டம் போட்டது. ஃபோர்டு பிரேசில் காட்டில் ஓர் ஊரையே கட்டினார். திட்டத்தில் சேராத டச்சுக்காரர்கள் பக்கத்துத் தீவுகளில் மரம் நட்டுக்கொண்டே இருந்தார்கள். 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், அமெரிக்க அரசு செயற்கை ரப்பரில் இறங்கியது. 1945-இல் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் செய்தது. அதற்குப் பின் இயற்கை ரப்பருக்குப் பழைய மவுசு முழுதாகத் திரும்பவில்லை.

2022 அக்டோபரில், ஸ்டீவன்சன் திட்டத்துக்கு நூறாண்டு நிறையும் வேளையில், அதே அமெரிக்க வணிகத் துறை உயர்ரகச் சில்லுகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகக் கூடாதென்று கட்டுப்பாடு விதித்தது. அன்று அடுத்தவன் பூட்டிவிட்டான் என்று கத்தியவர்கள், இன்று தாங்களே பூட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். சீனா என்ன செய்யும்? ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் செய்ததைத்தான் செய்துகொண்டிருக்கிறது. பூட்டியவர் கடைசியில் ஜெயிப்பாரா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இடையில் இருக்கும் நமக்கு வேலையும் வருகிறது, தலைவலியும் வருகிறது.

ஈப்போவையே பாருங்கள். யுனிசெமில் பெரிய பங்கு இன்று சீனாவின் தியன்சுய் ஹுவாதியன் கையில். செமோரில் 2001-இல் ஃபினிசார் வாங்கிய தொழிற்சாலை, இன்று அமெரிக்காவின் கோஹிரெண்ட் நிறுவனத்துடையது. கார்செம் ஹோங் லியோங் குழுமத்தின் கையில். மூன்றுக்கும் ஒரே ஊர், ஒரே தொழிலாளர்கள், ஒரே நாசி லெமாக் கடை. 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்றார் டிரம்ப். ஜூலையில் 25 என்றார், ஆகஸ்டில் 19 ஆயிற்று. சில்லுக்கு அப்போது விலக்கு கிடைத்தாலும், தனி விசாரணை என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது. அதே ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி நம் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சு, அமெரிக்காவில் உருவான உயர்ரக செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை இங்கிருந்து வெளியே அனுப்ப அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. ஏற்றுமதிப் பிரிவில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அந்த அறிவிப்பும் இனி பாடப் புத்தகம்தான்.

2024 மே மாதம் பிரதமர் அன்வார் தேசியக் குறைக்கடத்தி வியூகத்தை அறிவித்தார். 2,500 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு, 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. 2025 மார்ச்சில் சில்லு வடிவமைப்பு நிறுவனமான ஆர்மோடு பத்தாண்டுக்கு 25 கோடி டாலர் ஒப்பந்தம். உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு நம்முடையது. அரை நூற்றாண்டாக நாம் பெரும்பாலும் அந்தப் படியில்தான் நிற்கிறோம். வடிவமைப்புக்கு ஏற வேண்டும் என்ற எண்ணம் சரியானது, தாமதமானது. ஆனால் புதிதாய்ப் பட்டம் பெற்றவனுக்கு இங்கே கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்தால், பயிற்சி பெற்ற 60,000 பேரில் எத்தனை பேர் சிங்கப்பூர் பஸ் ஏறுவார்கள் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் சலுகை கொடுக்கும் அரசு, அந்தச் சலுகையில் ஒரு பகுதியைச் சம்பளத்தோடு கட்டிப்போட வேண்டும். இது என் கருத்து. மேடையில் இருக்கும் அதிகாரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நம்மவர்கள் எப்போதும் அடிவாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். லயத்திலிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது சுங்கை சிப்புட்காரரான வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். குறைகள் உண்டு, எல்லோரையும் அது காப்பாற்றவில்லை. 1969-இல் வேலை பெர்மிட் விதி வந்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறத்தான் நேர்ந்தது. ஆனால் துண்டாடல் என்பது ஒரு சந்தை நடப்பு, அதற்குப் பதில் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வேலைக்குப் போனதும் உங்கள் நிறுவனம் யாருக்குச் சொந்தம், யாருக்கு விற்கிறது, எந்த வரிச்சலுகையில் நடக்கிறது, அது எந்த ஆண்டு முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, ஆண்டறிக்கையில் அச்சடித்தே போடுகிறார்கள். சங்கம் இருந்தால் சேருங்கள். அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டால் எழுதி அனுப்புங்கள், மலாயிலோ ஆங்கிலத்திலோ, நான்கு வரியானாலும் சரி. முதலாளிமார் சங்கங்கள் ஒவ்வொரு முறையும் அனுப்புகின்றன. அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும்போது, சிகரெட் விலை ஏறியதா என்று மட்டும் பார்க்காமல் உரை முழுவதையும் படியுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் படித்துச் சொல்லுங்கள்.