தீர்ப்பு உண்டு, அத்தாட்சியும் உண்டு

நியாயத்தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு அக்கினிக் கடலும் பற்கடிப்பும்தான் கண்முன் வருகின்றன. ஆனால் பவுல் அப்போஸ்தலர் அத்தேனே பட்டணத்தில் இதைப் பேசியபோது யாரையும் மிரட்டவில்லை. சாட்சியை எடுத்து வைத்தார். எந்த இடத்தில்? மார்ஸ் மேடையில்! பழங்காலத்தில் கொலை வழக்கை விசாரித்த மன்றத்துக்குப் பெயர் தந்த இடம் அது. அங்கே நின்று, தேவன் ஒரு நாளைக் குறித்திருக்கிறார், உலகத்தை நீதியாய் நியாயந்தீர்க்க ஒரு மனுஷரை நியமித்திருக்கிறார், அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினதே அதற்கு அத்தாட்சி என்றார். கவனியுங்கள்: தீர்ப்பையும் உயிர்த்தெழுதலையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். ஒன்று நின்றால் மற்றது நிற்கும், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். அந்த உயிர்த்தெழுதல் எவ்வளவு உறுதி? உயிர்த்தெழுந்தவரை ஒரே சமயத்தில் 500 பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கொரிந்து சபைக்கு எழுதுகிறார். சிலுவை நடந்து ஏறக்குறைய 25 வருஷத்துக்குள் எழுதின நிருபம் அது. கட்டுக்கதை பரப்புகிறவன், போய் விசாரித்துக்கொள் என்று உயிரோடிருக்கும் சாட்சிகளைக் கைகாட்டுவானா?

சரி, எழுப்பப்பட்டவர் யார்? நோயில் படுத்து இறந்தவரா? இல்லை ஐயா, கோர்ட்டு தண்டித்தவர்! இவரிடத்தில் குற்றம் காணேன் என்று மூன்று தடவை சொன்ன பிலாத்துதான் கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான். ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் அவன் பெயரைச் சொல்லுகிறோமே, அந்தப் பெயர் வெட்டிய கல் 1961இல் செசரியாவின் பழைய அரங்கத்தில் படிக்கல்லாய்க் கிடந்து கிடைத்தது. கதையில் வந்த ஆள் அல்ல அவன். சரித்திரத்தில் உட்கார்ந்து அநியாயத் தீர்ப்பு எழுதிய அதிகாரி. அந்தத் தீர்ப்பைத் தேவன் மூன்றாம் நாளில் ரத்து செய்தார். ஆகையால், நியாயத்தீர்ப்பு என்றைக்கோ வரப்போகிற ஒன்று மட்டுமல்ல. அதன் முதல் தீர்ப்பு அந்தக் கல்லறை வாசலிலேயே வாசிக்கப்பட்டாகிவிட்டது. இதுதான் என் வாதம். இதை விட்டு நான் நகரமாட்டேன்.

அதே செசரியாவில் இன்னொரு தேசாதிபதி இருந்தான், பேலிக்ஸ். பவுல் அவனிடம் கைதி. நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பவுல் பேசப் பேச, கைதி நிமிர்ந்து நிற்கிறார், தேசாதிபதி நடுங்குகிறான்! நடுங்கி என்ன செய்தான்? சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். கூப்பிடவும் கூப்பிட்டான், லஞ்சம் கிடைக்குமா என்று பார்க்க! இரண்டு வருஷம் அப்படியே காவலில் வைத்தான். பிற்பாடு அவன்மேல் ரோமாபுரியில் புகார் போயிற்று. தண்டனை கிடைத்ததா? அவன் சகோதரன் பல்லாஸ் ராயன் நீரோவிடம் சிபாரிசு செய்ததால் தப்பித்துக்கொண்டான் என்று சரித்திர ஆசிரியர் யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். அன்பான தேவன் தண்டிப்பாரா என்று கேட்கிறவர்களே, இந்தக் கணக்கை யார் முடிப்பது? இயேசு சொன்ன உவமையில் ஒரு விதவை வருகிறாளே, பெயர்கூடக் கிடையாது அவளுக்கு. தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதியாத நியாயாதிபதியின் வாசலில், எனக்கு நியாயம் செய்யும் என்று விடாமல் நின்றாள். அவளிடம் போய், அம்மா, தேவன் அன்பானவர், உன் எதிராளியை அவர் ஒன்றும் கேட்கமாட்டார் என்று சொல்லிப் பாருங்கள்! அதை அன்பு என்று அவள் ஒத்துக்கொள்வாளா? அநீதியைக் கண்டும் காணாதவராய் ஒரு தேவன் இருந்தால் அது அன்பல்ல, அலட்சியம்.

நியாயந்தீர்க்க இயேசு வருகிறார் வருகிறார் என்று 2,000 வருஷமாய்ச் சொல்லுகிறீர்களே, எங்கே என்று கேட்கிறார்கள். பேதுருவின் காலத்திலேயே கேட்ட கேள்விதான் இது. தாமதம் அல்ல, பொறுமை. ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்று மனந்திரும்ப விட்டிருக்கிற தவணை என்று பேதுருவே பதில் சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்கு நான் பயப்படவில்லை. நம் ஆட்களுக்குத்தான் பயப்படுகிறேன்! தேதி குறிக்கிறார்களே, அவர்களுக்கு! அந்த நாளையும் அந்த நாழிகையையும் குமாரனும் அறியார் என்று கர்த்தரே சொன்ன பிறகு, உனக்கு யார் சொன்னது? 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றினவர்கள் காத்திருந்தார்கள். அறுவடை செய்யாமல் விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. விடிந்தது, எத்தனை ஏழை விசுவாசிகள் மனம் உடைந்து அழுதார்கள்! அதிலிருந்து ஒன்றும் கற்காமல், ஒவ்வொரு யுத்தச் செய்திக்கும் ஒரு புதுத் தேதி சொல்லி, ஜனத்தின் பயத்தைக் காணிக்கைப் பெட்டியில் வாங்குகிறவர்களே, நீங்களும் கர்த்தருடைய நியாயாசனத்துக்கு முன் நிற்பீர்கள்!

கடைசியாக ஒரு கேள்வி. அது நியாயமான கேள்வி, மதிக்கிறேன். எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று இந்தப் போதனை ஏழையைச் சும்மா உட்காரவைக்காதா? அந்த விதவை உட்கார்ந்தாளா? பவுல் பேலிக்ஸுக்கு முன் வாயை மூடிக்கொண்டாரா? தீர்ப்பு நிச்சயம் என்று அறிந்தவன் பழிவாங்கும் வேலையை விட்டுவிடுகிறான், நியாயம் கேட்கும் வேலையை விடுவதில்லை. விசுவாசிக்கு நம்பிக்கையும் இங்கேதான் இருக்கிறது. அந்த நியாயாசனத்தில் உட்காரப்போகிறவர் அந்நியர் அல்ல. நமக்குப் பதிலாக ஆக்கினையை ஏற்றவர், கையில் ஆணித் தழும்பு உள்ளவர். தெசலோனிக்கேயர் தங்களுக்குள் மரித்தவர்களுக்காகக் கலங்கினபோது, இந்த வருகையைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றார் பவுல். நம் தாய் தகப்பன்மாரை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்ப நமக்குத் தெம்பு தருவதும் அதுதானே?

ஆனால் நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில்தான் துவங்கும் என்று எழுதியிருக்கிறதே! பசியாயிருந்தேன், காவலிலிருந்தேன், நீ வந்தாயா என்றுதானே ராஜா கேட்கப்போகிறார்? அந்த வீட்டின் நிலையைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பியிருக்கிறோம். எக்காளம் தொனிக்கும்போது இந்தப் பக்கத்தார் தனியாகவும் அந்தப் பக்கத்தார் தனியாகவுமா எழுந்திருப்பார்கள்? சுவர் எழுப்பினவன் உயிர்த்தெழுதலை நம்புகிறானா, சொல்லுங்கள்! உங்கள் ஊரில் அப்படி ஒரு சுவர் இருந்தால், அடுத்த சபைக் கமிட்டியில் அதை முதல் பொருளாக வையுங்கள். தீர்மானம் தோற்றால் அதற்கடுத்த கமிட்டியிலும் வையுங்கள். அந்தப் பெயரில்லாத விதவையைப்போல, சுவர் விழும்வரை விடாதேயுங்கள்!