கொழுந்துக் கூடையும் பொறியியல் வகுப்பும்



இலங்கையின் தெரணியகலைப் பக்கத் தேயிலை மலைகளில் மழைக்குக் குறைவில்லை. நனைந்த கொழுந்து கூடையில் ஏற ஏற, தலையில் கயிறு மாட்டிச் சுமக்கும் அக்காமாருக்குக் கழுத்து விண்ணென்று வலிக்கும். இதற்கொரு நல்ல கூடை செய்து தாருங்கள் என்று பொறியியல் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்று மாலையே ஒருவர் சில்லு வைத்த வண்டியொன்றை வரைந்து நீட்டுவார். சரிவும் கானும் கற்படியுமாகக் கிடக்கும் மலையில் அந்தச் சில்லு எங்கே உருளும்?

இந்த அவசரத்துக்குக் கடிவாளம் போடத்தான் பொருள் வடிவமைப்புக்கென்று ஒழுங்கான முறைகளைக் கற்பிக்கிறார்கள். முதல் வேலை, தீர்வின் பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் எழுதுவது. 'பிளாஸ்டிக் கூடை வேண்டும்' என்று எழுதினால் ஆசிரியர் அதை வெட்டிவிடுவார். இரண்டு கையும் கொழுந்தெடுக்கத் தடையின்றி இருக்க வேண்டும்; கொழுந்து அமுங்கிச் சூடேறக் கூடாது; பாரம் முழுவதும் கழுத்தில் விழக் கூடாது; அட்டை கடித்தால் சட்டென்று இறக்கிவைக்க முடிய வேண்டும். இப்படி எழுத வேண்டும். இதையெல்லாம் கொழுந்தெடுப்பவர் வாயால் கேட்க வேண்டுமே தவிர, துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்டு முடித்துவிடக் கூடாது.

பிறகு யோசனைகள் பலவற்றை வரைவார்கள். எதைத் தெரிவுசெய்வது? பிரித்தானியப் பொறியியலாளர் ஸ்டுவர்ட் பியூ இதற்கு ஓர் அட்டவணை தந்தார். இன்று பாவனையிலுள்ள கூடைதான் அளவுகோல். புதிய யோசனையைத் தேவை தேவையாக அதனோடு ஒப்பிட வேண்டும். மேலானால் கூட்டல் குறி, கீழானால் கழித்தல் குறி, இரண்டும் ஒன்றென்றால் சமம் என்ற குறி. தோளில் மாட்டும் வலைப்பை கழுத்துக்கும் காற்றோட்டத்துக்கும் கூட்டல் வாங்கும். ஆனால் ஈர வலை முதுகில் ஒட்டும்; அங்கே கழித்தல். அந்தக் கழித்தலை எப்படி நீக்கலாம் என்று மாணவர்கள் மல்லுக்கட்டும்போதுதான் இன்னும் நல்ல வடிவம் ஒன்று பிறக்கும். கூட்டல்களை எண்ணி முதலிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகும் வகுப்பு, என்னைக் கேட்டால், பாதிப் பாடத்தைத்தான் நடத்துகிறது.

முறையாகச் செய்தால் பலன் கடைவரை வரும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசனின் குழு, சக்கர நாற்காலியில் இருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' என்ற நாற்காலியை உருவாக்கியது. ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்க, 2019இல் அது வெளிவந்தது.

நம் பக்கமும் வாய்ப்பு இருக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப பீடம் உண்டு. அங்கே படிக்கும், படிக்கப்போகும் தோட்டத்துப் பிள்ளைகளே, செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது இணையத்தைத் திறக்குமுன் ஒரு நாள் மலைக்குப் போய்க் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று, கூடை இறக்குபவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.