கணினி விளையாட்டிலும் தோட்டம் உண்டு

(பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு உரிமை இயக்கத்தின் மேடைதானா கிடைத்தது என்று வாசலிலேயே ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

விளையாட்டினால் படிப்பு கெடுகிறதா, கண் கெடுகிறதா, எத்தனை வெள்ளி செலவாகிறது என்பதையெல்லாம் நான் பேசப் போவதில்லை. அதற்குத் திட்டுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கிறது! என் கவலை வேறு. உங்கள் மகன் ஒரு நாளில் இரண்டு மணி நேரம் கற்பனை நாடு ஒன்றில் வாழ்கிறான். அந்த நாட்டில் அரசன் இருக்கிறான், படை இருக்கிறது, வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே யார் ஆளப் பிறந்தவர், யார் சுமக்கப் பிறந்தவர் என்று அவன் எதைப் பார்த்துப் பழகுகிறான்? இதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு நன்றாகப் பார்ப்போம். 'மோரோவிண்ட்' என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்டது. இன்றும் அதை விரும்பி விளையாடுகிறவர்கள் உண்டு. நடுவில் எரிமலை நிற்கும் ஒரு தீவு. அங்கே டன்மர் என்ற மக்கள். சாம்பல் நிறத் தோல், சிவந்த கண். அவர்களுக்கென்று கோவில், குலம், பழைய சட்டம் எல்லாம் உண்டு. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பேரரசு வந்து அந்த நாட்டைத் தன் மாகாணமாக்கிக் கொண்டது. எப்படி? முழுக்கப் போரிட்டு அல்ல, ஓர் ஒப்பந்தம் போட்டு. உங்கள் கோவில் உங்களிடமே இருக்கட்டும், உங்கள் குலச் சட்டம் இருக்கட்டும், எங்கள் கோட்டையும் வணிகமும் உள்ளே வரட்டும் என்பது ஏற்பாடு.

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? 1874இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக் சுல்தான் ஓர் ஆங்கிலேய ரெசிடெண்டை ஏற்க வேண்டும். மலாய்க்காரர்களின் சமயம், வழக்கம் ஆகிய இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு, அதன்படியே நடக்க வேண்டும். ஆலோசனையாம்! கேட்டே ஆக வேண்டிய ஆலோசனைக்கு நம் ஊரில் கட்டளை என்று பெயர். இந்த ஒப்பந்தத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சைக்குப் பிறகு மறந்துவிடும் பிள்ளை, அதே தந்திரத்தை மோரோவிண்டில் ஊர் ஊராக நடந்து பார்க்கிறான். அந்த வகையில் இந்த விளையாட்டைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆதிக்கம் என்றால் எப்போதும் கொடுங்கோலனும் சாட்டையும் என்று அவர்கள் காட்டவில்லை. பத்திரமும் முத்திரையும் அலுவலகமுமாகக் காட்டுகிறார்கள்.

அந்தத் தீவில் கால்டேரா என்று ஓர் ஊர். பேரரசின் சாசனம் பெற்ற ஒரு சுரங்கக் கம்பெனிக்காகவே எழும்பிய ஊர். எபனி என்ற விலை உயர்ந்த பொருளைப் பேரரசின் அனுமதியில்லாமல் யாரும் தோண்டக்கூடாது. மண் டன்மருடையது, சாசனம் பேரரசுடையது. நம் சபாவை 1881இல் சாசனம் பெற்ற ஓர் ஆங்கிலேயக் கம்பெனிதான் அறுபது ஆண்டுகள் ஆண்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். "அட, கால்டேரா மாதிரி!" என்பார்கள்.

பண்பாடு கரைவதையும் அதில் பார்க்கலாம். ஹ்லாலு என்று ஒரு குலம். வணிகக் குலம். பேரரசோடு ஒட்டிப் பிழைத்து, அவர்களுடைய பழக்கத்தை எடுத்துக்கொண்டு செழிக்கிறது. ஆஷ்லாண்டர் என்ற நாடோடிக் குடிகள் பாட்டன் வழியை விடாமல் கூடாரத்தில் வாழ்கிறார்கள். அவர்களைப் பேரரசும் மதிப்பதில்லை, சொந்த இனத்துப் பெரிய மனிதர்களும் மதிப்பதில்லை. தோட்டத்தில் துரையின் மொழி தெரிந்த கிராணிக்கு என்ன மரியாதை, வெட்டுக்காட்டுக்குப் போனவருக்கு என்ன மரியாதை என்று உங்கள் பாட்டியைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்.

சரி, அந்தத் தீவில் வேலை செய்வது யார்? இங்கேதான் நமக்கு வலிக்க வேண்டும். ஆர்கோனியர், கஜீத் என்று இரண்டு இனங்கள். வேற்று நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். தோட்டத்திலும் சுரங்கத்திலும் கையில் காப்பு மாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவர் பல்லி உருவம், ஒருவர் பூனை உருவம். இந்த இரண்டு இனத்துக்கும் காலணி போட முடியாதபடி விளையாட்டையே அமைத்திருக்கிறார்கள். காரணம், அவர்களுடைய பாதத்தின் வடிவமாம். கித்தாக் காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். அடிமையாக இருப்பவனுக்கு ஏன் மிருக முகம்? எஜமானுக்கு ஏன் மனித முகம்? இந்த ஒரு கேள்வியைப் பிள்ளை கேட்டுவிட்டால் போதும், அவன் விளையாடிய நேரம் வீண் போகவில்லை என்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேரரசின் மற்ற இடங்களில் அடிமைத்தனத்துக்கு இடமில்லை. இந்தத் தீவில் மட்டும் ஒப்பந்தத்தின் பேரில் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். நம் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்தாகிவிட்டது என்று 1830களிலேயே பெருமை பேசினார்கள். ஆனால் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றி வந்தது 1910 வரை நடந்தது. அதன் பிறகும் கங்காணி வழியாக ஆள் சேர்ப்பு ஓயவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அது நின்றது. சட்டப்படி அடிமை இல்லை, கணக்குப்படி கடனாளி!

அந்த விளையாட்டில் அடிமைகளை விடுவிக்கலாம். சாவியைக் கண்டுபிடித்து ஒவ்வொருவராகக் காப்பைக் கழற்றிவிடலாம். உங்கள் மகன் அதைச் செய்தால் மனமாரப் பாராட்டுங்கள். ஆனால் அந்த மக்கள் தாங்களே கூடி எழுவதை அவன் பார்ப்பதில்லை. யாரோ ஒரு நாயகன் வரும்வரை அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

இதே வரிசையில் 2011இல் 'ஸ்கைரிம்' வந்தது. (பெற்றோர்கள் கவனிக்க: அமெரிக்கத் தரப்படி அது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.) கதைப்படி சுமார் இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அதில் விண்ட்ஹெல்ம் என்ற பனி நகரம். அங்கே ஆர்கோனியர் கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறார்கள். நகரச் சுவருக்குள் குடியிருக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அதே வேலைக்கு நார்டு இனத்தவருக்குக் கிடைக்கும் கூலியில் மிகச் சிறிய பங்குதான் அவர்களுக்கு. அவர்களில் ஒருவர் உங்கள் மகனிடம், முதலாளியிடம் பேசி எங்களுக்கும் அதே கூலி வாங்கித் தர முடியுமா என்று கேட்கிறார். உங்கள் மகன் போய் நயமாகப் பேசலாம், மிரட்டலாம், கைகலப்பிலும் இறங்கலாம். முதலாளி இறங்கி வருகிறார். வேலை முடிந்தது.

நம் கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் என்ன நடந்தது? தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றார்கள். நாயகன் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. கூலி கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் பிள்ளையின் வரலாற்றுப் பாடநூலில் நம் தோட்டத்து மக்களின் கதை எத்தனைப் பக்கம் என்று இன்றிரவு நீங்களே புரட்டி எண்ணிப் பாருங்கள். கப்பல் துறைக் கூலிக்காரனின் கதையை விளையாட்டில் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கிள்ளான் தெரியாமல் போவது யாருடைய பொறுப்பு?

விண்ட்ஹெல்மில் இன்னும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நகரத்துத் தலைவன் பேரரசை எதிர்த்துக் கலகம் செய்கிறவன். எங்கள் தெய்வத்தை வணங்கத் தடையா, எங்கள் மண்ணில் அந்நியன் சட்டமா என்று முழங்குகிறான். கேட்கக் கேட்க நமக்கே ரத்தம் சூடேறும். ஆனால் அவனுடைய நகரத்தில்தான் ஆர்கோனியர் சுவருக்கு வெளியே கிடக்கிறார்கள். எரிமலை வெடித்து அகதிகளாக ஓடி வந்த டன்மர், ஆமாம், அன்று அடிமை வைத்திருந்த அதே டன்மர்தான், ஓர் இடிந்த பேட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். தெருவில் நார்டுகள் அவர்களைப் பார்த்து நாட்டை விட்டுப் போ என்று ஏசுகிறார்கள். தன் இனத்துக்கு உரிமை கேட்பவன் எல்லாரும் அடுத்தவன் உரிமையை மதிப்பவன் இல்லை. எந்தக் கட்சிக் கூட்டத்தை விடவும் இந்த விளையாட்டு இதைத் தெளிவாகச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

கடைசியாக, நாமே பேரரசனாக வரும் விளையாட்டு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்றால் இங்குள்ள அண்ணன்மார்களுக்கே தெரியும். சைபர் கபேயில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள்தானே! அதில் ஒரு மதகுரு வருவார். மந்திரம்போல் முணுமுணுப்பார். எதிரி வீரனின் நிறம் நீலத்திலிருந்து சிவப்பாக மாறும். அவ்வளவுதான், அவன் உங்கள் ஆள். பெயர் மாறுவது, மொழி போவது, பேரனோடு பேசப் பாட்டிக்கு வார்த்தை இல்லாமல் போவது எதுவும் அங்கே கிடையாது. நிஜத்தில் அதற்கு மூன்று தலைமுறை ஆகிறது.

அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் 2013இல் 'இந்தியர்' என்று ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நம் நாட்டுப் பாரத்தில் இருப்பது போல, எல்லாரும் ஒரே கட்டத்துக்குள். 2022இல் அதைப் பிரித்து, திராவிடர் என்று தனிப் பிரிவு கொடுத்தார்கள். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள். உருமி வீரன் என்று ஒரு படைவீரன் உண்டு. நம் பையன்கள் மேளத்தைத் தேடியிருப்பார்கள்; அங்கே உருமி என்பது சுருள்வாள்! ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடரே இருக்கிறது. கணினிக்குள்ளிருந்து தமிழ்க் குரல் வரும்போது பிள்ளையின் முகம் மலர்கிறது. மலரட்டும். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க நான் வரவில்லை.

ஆனால் அந்த ராஜேந்திரன் 1025இல் கப்பற்படையோடு வந்து தாக்கியது கடாரத்தை, அதாவது நாம் இன்று வாழும் இந்த நாட்டின் கெடாவை. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை இதே விளையாட்டை ஆடினால் அவன் எந்தக் கரையில் நிற்பான்? நாம் வென்றால் பெருமை, நம்மை வென்றால் கொடுமை என்று ஒரே பிள்ளைக்கு இரண்டு அளவுகோல் கொடுக்க முடியாது.

இன்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும் பகுதியினர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன் இருந்த லயத்தில் அவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் அவர்களை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாசலில் கேள்வி கேட்ட ஐயாவுக்கு என் பதில் இதுதான்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு பின்பக்க மேசையில் தம்பிகள் இரண்டு கணினி வைத்திருப்பார்கள். ஒன்றில் கால்டேரா சுரங்கம், ஒன்றில் ராஜேந்திரன். பெற்றோர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். "இந்த வேலையைச் செய்கிறவன் யார், அவனுக்குக் கூலி உண்டா?" என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளை சொல்லட்டும். அதன் பிறகு கிள்ளான் கதையை நீங்கள் சொல்லுங்கள்.