தெரியாத கெழுவும் சமச்சீர் அச்சும்



"கணக்கு நமக்கு வராது" என்று படிப்பை நிறுத்திவிட்ட நம் பிள்ளைகள் பலரைக் கண்டு வருந்தியிருக்கிறேன். அச்சொல் பொய்யென்று ஒரு கணக்கைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

ஒய் = 2 எக்ஸ் வர்க்கம் + பி எக்ஸ் + 5 என்னும் பரவளையத்தின் சமச்சீர் அச்சு எக்ஸ் = 3. கெழு பி யாது?

சூத்திரம் மறந்துவிட்டதா? அஞ்ச வேண்டா. அச்சிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் வளைவின் உயரம் சமம். 0, 6 ஆகிய இரண்டும் 3-இலிருந்து சம தூரத்தில் உள்ளன. எக்ஸ் 0 ஆனால் ஒய் 5. ஆகவே எக்ஸ் 6 ஆனாலும் ஒய் 5. எனவே 72 + 6 பி + 5 = 5. பி = -12. சூத்திரம் தருவதும் இதே விடைதான்.

உதகைக்கு அருகில் 1970-இல் அமைந்த, 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியின் குறுக்குவெட்டும் பரவளையமே. விண்ணிலிருந்து வரும் அலைகளை அவ்வளைவே ஒருங்கு குவிக்கிறது.

நெட்டுருச் செய்தவன் மறப்பான். காரணம் அறிந்தவன் மறவான். இளைஞர்களே, மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். படிப்பை நிறுத்திய ஒருவரையேனும் மீண்டும் தேர்வெழுத அழைத்து வாருங்கள்.